ஒயரில் என்ன சார் இருக்கு?

2007-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு சவால். ஜேம்ஸ் ராண்டி என்று ஒரு மனிதர். முன்னாள் மேஜிக் நிபுணர்; ஸ்பூனை மனசாலேயே வளைக்கிறேன், ஆவியோடு பேசுகிறேன் என்பவர்களைச் சோதித்து வெளுத்து வாங்குவதைப் பிற்காலத் தொழிலாக வைத்திருந்தவர். அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார். அந்தப் பரிசை அந்த வருஷம் ஒரு ஸ்பீக்கர் ஒயர் மேல் வைத்தார்.

'பேர் அஞ்சு' என்று அந்த ஒயருக்குப் பேர். ஒரு ஜோடி 7,250 டாலர். அன்றைய கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்குப் பக்கம். "இதற்கும் 'மான்ஸ்டர்' கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை, கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், பணத்தை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் ராண்டி. ஒரு விமரிசகர் நான் ரெடி என்றார். கடிதப் போக்குவரத்து நடந்தது, சர்ச்சை நடந்தது, சோதனை மட்டும் நடக்கவே இல்லை. 2015-ல் பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பத்து லட்சம் டாலர் அப்படியே இருந்தது.

அமெரிக்காவில் யாரோ எதற்கோ அடித்துக்கொண்டால் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. சம்பளத்தில் மாசாமாசம் எடுத்து வைத்து, ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் என்று தவணையில் வாங்கியாயிற்று. பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கீழே குனிந்து, பாம்பாட்டி மாதிரி ஒரு தடித்த ஊதா நிற ஒயரை எடுத்து மேஜை மேல் போடுவார். "சார், இவ்ளோ செலவு பண்ணிட்டீங்க... ஒயரு இது போட்டாத்தான் சவுண்டு ஓப்பன் ஆகும்." ஸ்பீக்கருக்குப் பேரம் பேசிக் குறைத்த ரெண்டாயிரத்தையும் ஒயரில் வட்டியோடு வாங்கிவிடுவார்.

ஒயரை இப்படித் தனியாக ஒரு சாமானாக விற்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் நோயல் லீ. அமெரிக்க அணு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் இன்ஜினீயராக இருந்தவர். 1979-ல் 'மான்ஸ்டர்' கம்பெனியை ஆரம்பித்தார். அதுவரை மேஜை விளக்குக்குப் போடுகிற இரட்டை ஒயரைத்தான் ஜனங்கள் ஸ்பீக்கருக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். லீ தடித்த செம்பு ஒயருக்கு நல்ல சட்டை போட்டு, பெயர் வைத்து, பெட்டியில் போட்டு விற்றார். பிரமாதமாக ஓடியது. 1983 ஆகஸ்டில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஆட்களை உட்கார வைத்து, எது எந்த ஒயர் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வைத்தது. மெல்லிய 24 கேஜ் ஒயரை வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்தது. அதுவும் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்டதால். தடித்த விளக்கு ஒயரையும் மான்ஸ்டரையும் பாட்டுப் போட்டுப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, அப்படியானால் எந்த ஒயரும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. ஒயர் கெடும். அதைத் தெரிந்துகொள்ள திருப்பாலைவனம் போகவேண்டும்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலையில் இருக்கிறது இந்த ஊர். பெயரைப் பார்த்து மணலையும் ஒட்டகத்தையும் கற்பனை பண்ணாதீர்கள். பாலை மரங்கள் நிறைந்த வனமாம். பழைய சிவன் கோயில் ஒன்று, சுற்றி வயல். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கரையில் டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையின் மிச்சம், கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று மீனவர் ஊர்கள், அதற்கப்புறம் கடல். சாயங்காலம் காற்று கிழக்கிலிருந்து வரும்போது உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும்.

அங்கே என் நண்பர் ஒருவர். மீஞ்சூரில் குமாஸ்தா வேலை, ராத்திரியில் இளையராஜா. நல்ல ஸ்பீக்கர், நல்ல ஆம்ப்ளிபயர், கடைக்காரர் தலையில் கட்டிய கண்ணாடி மாதிரி உறை போட்ட 'ஆக்சிஜன் இல்லாத செம்பு' ஒயர், எல்லாம் வைத்திருந்தார். இரண்டு வருஷத்தில் இடது பக்கத்து ஸ்பீக்கர் கரகரவென்றது. ஒயரைத் தொட்டால் சரியாகும், விட்டால் மறுபடி கரகர. மாடசாமி வந்து இறங்கியது மாதிரி சமயத்தில் பாடும், சமயத்தில் மௌனம். ஸ்பீக்கர் போய்விட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

உறை வழியாகப் பார்த்தால் ஒயர் பச்சை. நுனியிலிருந்து முக்கால் அடி தூரத்துக்குப் பாசி பிடித்த மாதிரி.

செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுமே, அதேதான். நம் வீட்டுப் பெண்கள் நூறு வருஷமாகப் புளி போட்டுத் தேய்க்கிற அதே பச்சை. கடற்கரையில் காற்றோடு வருகிற உப்பு ஒயர் நுனியில் உட்காருகிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர் விட ஆரம்பிக்கும். ஏரிக்கரையில் ராத்திரி அது சர்வ சாதாரணம். அந்த உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, உறைக்குள்ளே ஏறிப் போகிறது. செம்பு பச்சையாகிறது. பச்சை மின்சாரத்தை விடாது. ஒயரின் நடுவில் செம்பு தங்கம் மாதிரி இருந்தால் என்ன, நுனியில் கதவைச் சாத்திவிட்டால்?

ஆக்சிஜன் இல்லாத செம்பு என்பது செம்பைக் காய்ச்சும்போது ஆக்சிஜன் சேராமல் பார்த்துக்கொள்வது. வெளியே வந்தபின் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை அது ஒன்றும் செய்யாது. சாதாரண செம்பைவிட அது மின்சாரத்தை ஒரு சதவிகிதம் கூடுதலாகக் கடத்தலாம். ஐந்து மீட்டர் ஒயரில் ஒரு சதவிகிதம் என்றால் ஐந்து சென்டிமீட்டர். ஸ்பீக்கரை அந்த அளவு பக்கத்தில் நகர்த்தினால் அதே லாபம், இலவசமாக. வெள்ளி ஒயர் என்று ஒன்று விற்கிறார்கள். வெள்ளி செம்பைவிட ஆறு சதவிகிதம் தேவலை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்குப் பதில் 2.65 போட்டால் வெள்ளியைத் தொட்டுவிடலாம். (வெள்ளியை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் பாங்க் லாக்கர் என்று என்னுடைய பி.காம். மூளை சொல்கிறது.)

நண்பர் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு மைக்செட்காரர். ஆடி மாசம் கூழ் ஊற்றுவதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை அவர் கூம்பு இல்லாமல் நடக்காது. அவரிடம் போய், "அண்ணே, நீங்க என்ன ஒயர் போடுவீங்க?" என்றேன். என் காலைப் பார்த்தார், கையில் இருந்த பச்சை ஒயரைப் பார்த்தார்.

"தம்பி, இங்க இரும்பே நிக்காது. ஒயரு எம்மாத்திரம்? நான் ஒயருல காசு போட மாட்டேன். ஜாயின்ட்ல நேரம் போடுவேன்."

அவர் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் முந்நூறு மீட்டர் இழுக்கிற ஒயர் நம் சுண்டு விரல் நகத்தில் கால்வாசி தடிமன்கூட இல்லை. அதில் எப்படி ஊரே அதிர்கிறது? அங்கேதான் சூட்சுமம். 30 வாட், 16 ஓம் கூம்பு ஒன்றை அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் முந்நூறு மீட்டர் தூரத்தில் நேராகக் கட்டினால், போக வர 600 மீட்டர் ஒயரின் தடை சுமார் 20 ஓம். கூம்பு 16, ஒயர் 20. பாதிக்கு மேல் சக்தி ஒயரைச் சூடாக்கப் போய்விடும். பாட்டுக் கேட்பது ஒயர்தான், ஊர் இல்லை. அதனால் மைக்செட்காரர்கள் ஆம்ப்ளிபயரில் '100 வோல்ட் லைன்' என்று ஒரு முனையிலிருந்து எடுக்கிறார்கள். கூம்புக்குள் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கும். ஒயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கூம்பு 16 ஓம் இல்லை, 333 ஓம். ஓடுகிற கரண்ட் 0.3 ஆம்பியர்தான். 94 சதவிகிதம் கூம்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மின்வாரியம் ஊருக்கு ஊர் உயரழுத்தத்தில் கரண்ட் கொண்டுபோவதும் இதே வித்தைதான்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே. ஸ்பீக்கரின் ஓமோடு ஒப்பிட்டால் ஒயரின் ஓம் அற்பமாக இருக்கவேண்டும். வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மீட்டருக்கு 0.017 ஓம். ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி; போக வரப் பத்து மீட்டர். செட்டோடு சும்மா கொடுக்கிற நூல் மாதிரி ஒயர் 0.2 சதுர மில்லிமீட்டர் இருக்கும், அதற்கு 0.86 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் பத்தில் ஒரு பங்கு! இதைத் தூக்கிப் போடுங்கள், கண்டிப்பாக. 1.5 போட்டால் 0.11 ஓம். 2.5 போட்டால் 0.07. அதில் இழக்கிற சத்தம் ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் பிடிபடாது. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு ரூபாயும் ஒயரின் சட்டைக்குத்தான்.

ஸ்பீக்கர் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா ஸ்வரத்துக்கும் 8 இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் 20, ஓரிடத்தில் 5 என்று ஏறி இறங்கும். மெல்லிய ஒயர் போட்டால் சில ஸ்வரங்கள் மட்டும் கொஞ்சம் அமுங்கும். 'ஒயர் மாத்தினதும் டோன் மாறிச்சு சார்' என்று யாராவது சத்தியம் பண்ணினால் முழுப்பொய் என்று சொல்லாதீர்கள். முன்னால் நூல் ஒயர் போட்டிருந்திருப்பார்.

ஆகவே, ரிச்சி தெருவுக்குப் போகும் முன் தெரு முனை எலெக்ட்ரிகல் கடைக்குப் போங்கள். வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை செம்பு ஒயர். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. உறை மேல் ஐ.எஸ். 694 என்று அச்சடித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். சந்தையில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிச் செம்பு என்று விற்பவர்கள் நிறைய. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். எடையும் காட்டிக் கொடுக்கும். 90 மீட்டர் சுருளில் அசல் செம்பு மட்டுமே இரண்டு கிலோ இருக்கும். முலாம் சமாசாரத்தில் கம்பி ஒரு கிலோகூடத் தேறாது. கையில் தூக்கிப் பார்த்து, 'என்ன லேசாக இருக்கிறதே' என்று தோன்றினால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இரண்டு ஒயரையும் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை டிரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றினால், கயிறு திரிக்கிற மாதிரி அழகாக முறுக்கிக்கொள்ளும். டிரில் இல்லையென்றால் ஒரு பென்சில், ஒரு தம்பி போதும். முறுக்கினால் நீளம் குறையும் என்பதால் ஐந்து மீட்டருக்கு ஐந்தரையாக வெட்டுங்கள். முறுக்குவதால் இசை இனிக்கும் என்று நான் சொல்லவில்லை. வெளி இரைச்சல் கொஞ்சம் குறையும், காலில் மாட்டாது, பார்க்கவும் லட்சணம்.

நுனிதான் முக்கியம் என்றேனே. உறையை ஒரு சென்டிமீட்டர் சீவி, இழைகளை இறுக்கித் திருகுங்கள். ஒரு இழை தனியாக மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்து பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப்ளிபயரின் டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் சாம்பல். பத்து ரூபாய் வேலைக்குப் பத்தாயிரம் தண்டம். ஸ்க்ரூ முனையில் மாட்டுவதானால் நுனிக்கு ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மெத்து, நாளாக நாளாக அழுந்தித் தளர்ந்துவிடும். பனானா பின் வைத்து நன்றாக இறுக்கி, அது ஒயரைச் சேருமிடத்தில் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டிச் சுருங்க வைத்தால் உப்புக் காற்று உள்ளே நுழையாது.

தங்க முலாம் பூசின பின் வேண்டுமா என்று கேட்பீர்கள். மதுரையில் இருந்தால் அவசியமில்லை. திருப்பாலைவனத்தில் வேண்டும். தங்கம் சத்தத்தை ஒன்றும் கூட்டாது; களிம்பு ஏறாது, அவ்வளவுதான். மைக்செட்காரர் செய்கிற இன்னொரு காரியமும் உண்டு: ஜாயின்ட்டை இறுக்கின பிறகு மேலே வாசலின் தடவிவிடுகிறார். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தடவுகிறோமே, அதே வாசலின். படகுகளுக்கென்றே செய்கிற ஒயரில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். கிடைத்தால் கடலோர வீட்டுக்கு அதைவிட நல்லது இல்லை.

மாட்டும்போது சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போனால் ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். சந்தேகமிருந்தால் ஒன்றரை வோல்ட் டார்ச் செல் ஒன்றை ஒயரின் மறு நுனியில் ஒரு கணம் தொடுங்கள். செல்லின் கூட்டல் சிவப்பில் பட்டால் ஸ்பீக்கர் காகிதம் வெளிப்பக்கம் தள்ளவேண்டும்.

அடுத்தது பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகிற சின்ன ஒயர், ஆர்.சி.ஏ. பின் வைத்தது. இதில் ஓடுகிற கரண்ட் எறும்பு மூச்சு. தடிமன் தேவையே இல்லை. வேண்டியது ஷீல்டு, வெளி இரைச்சலைத் தடுக்கிற வலை. ரிச்சி தெருவில் மைக் ஒயர் என்று கேளுங்கள்: உள்ளே இரண்டு கம்பி, சுற்றிப் பின்னல். ஒரு கம்பி பின்னின் நடுவுக்கு, இன்னொன்று வெளி வளையத்துக்கு. பின்னலை பிளேயர் பக்கம் மட்டும் வளையத்தோடு சேர்த்து, மறு பக்கம் வெட்டி விட்டுவிடுங்கள். கேபிள் டி.வி. ஒயரில் ஆசைப்படாதீர்கள். அநேகமாக அதன் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, பின்னல் அலுமினியம்; ஈயம் ஒட்டவே ஒட்டாது.

25 வாட் சால்டரிங் அயர்ன், 60-க்கு 40 ஈயம். பின்னையும் கம்பியையும் முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓடவேண்டும். ஈயத்தை அயர்னில் உருக்கிச் சொட்டவிட்டால் மங்கலாக ஒரு உருண்டை உட்காரும். 'டிரை சால்டர்' என்று ரிப்பேர்காரர்கள் திட்டுவது அதைத்தான். குழாய் வேலைக்கு விற்கிற ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருந்து அரித்துவிடும். களிம்புக்குப் புளி தேய்க்கலாமா என்று நண்பரின் தாயார் கேட்டார்கள். "பாத்திரத்துக்குச் சரிம்மா, இதைக் கழுவ முடியாதே" என்றேன். பச்சை ஏறின ஒயரை வெட்டி எறிவதுதான் வைத்தியம். ஈயம் வைக்கும் முன் பின்னின் மூடியை ஒயரில் கோர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். அருமையாகப் பற்றவைத்து முடித்தபின் மேஜை மேல் மூடி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

எல்லாம் மாட்டியும் 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை கேட்கிறதா? ஒயரை மாற்றிப் பிரயோஜனமில்லை. டி.வி. ஒரு சுவரில், ஆம்ப்ளிபயர் வேறு சுவரில் என்று இரண்டு எர்த்தில் இருக்கும். நடுவில் ஒரு வளையம் உண்டாகி 50 சைக்கிள் கரண்ட் பாட்டுப் பாடுகிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் சொருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில மேதைகள் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிடுவார்கள். ஓசை நிஜமாகவே நின்றுவிடும். ஆனால் ஆம்ப்ளிபயருக்குள் ஒரு ஒயர் கழன்று இரும்புப் பெட்டியைத் தொட்டால், தரைக்குப் போகவேண்டிய 230 வோல்ட் போக வழியில்லாமல் உங்கள் கைக்குக் காத்திருக்கும். தரையெல்லாம் ஈரம், காற்றெல்லாம் உப்பு இருக்கிற குப்பத்து வீட்டில் அது கொலைக்குச் சமம். எவனாவது அப்படி யோசனை சொன்னால் அவனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ரிக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு விஷயம் கவனியுங்கள். அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். நீளமான ஒயர் போட்டால் அதன் கெபாசிட்டன்ஸ் மேல் ஸ்தாயியை மாற்றும். அங்கே ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஹெச்.டி.எம்.ஐ. மாதிரி டிஜிட்டல் ஒயர் என்றால் வரும், இல்லை வராது. நடுவில் இனிமையாக வருவது என்று ஒன்று கிடையாது.

நண்பர் இன்னும் நம்பவில்லை. ஒயர் வாங்கின பில் பர்ஸில் இருந்தது, பாவம். பச்சையான நுனிகளை வெட்டி, பழைய ஒயரை ஒரு ஸ்பீக்கர் ஜோடிக்கு ஒழுங்காக மாட்டினோம். வீட்டு ஒயரிங் ஒயரும் ரெடி. அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, காசு சுண்டி, பூவா தலையா பார்த்து ஒயரை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை அதே பாட்டு, அதே சத்தம். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்துக்கு ஐந்து சரியாக வரும். ஒன்பது வந்தால்தான் காது பேசுகிறது என்று அர்த்தம். வெறும் அதிர்ஷ்டத்தில் ஒன்பதோ பத்தோ வர நூற்றுக்கு ஒரு வாய்ப்புத்தான்.

அவருக்கு நான்கு வந்தது. "இன்னொரு தபா," என்றார். ஆறு.

புது ஸ்பீக்கருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. மொசைக் தரை, மொட்டைச் சுவர், கைதட்டினால் கிணற்றுக்குள் தட்டின மாதிரி எதிரொலிக்கும் ஹால். ஜன்னலுக்குக் கனமான துணியில் திரை, தரைக்குப் பழைய போர்வையை மடித்துப் போட்டு மேலே ஒரு பவானி ஜமுக்காளம். அன்று ராத்திரி வயலின் வேறே எங்கோ இருந்து வந்தது என்று போனில் சொன்னார். இதற்குப் பூவா தலையா தேவைப்படவில்லை, பக்கத்து அறையில் இருந்த அம்மாவே "என்னடா, பாட்டு தெளிவா கேக்குது?" என்று கேட்டார்களாம்.